வெறுங்கை

வாரம் 1: கைவிளக்கு

நடுராத்திரி. ஒகினாவாத் தீவின் ஷூரி நகரத்தில் எல்லா வீடுகளும் கதவடைத்துவிட்டன. ஒரே ஒரு கதவு மட்டும் ஓசையில்லாமல் திறக்கிறது. ஒரு பையன் வெளியே வருகிறான். நிலா இருந்தால் அப்படியே நடப்பான். இருட்டு நாட்களில் கையில் மங்கலாக ஒரு விளக்கு. விடியும் நேரத்தில்தான் திரும்பி வருவான், கண் சிவந்து, கால் துவண்டு.

ஒருநாள் இரண்டு நாள் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாதக்கணக்கில் நடந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? தாசி வீட்டுக்குத்தான் போகிறான் என்று பேச ஆரம்பித்தார்கள். பையன் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை.

பையனின் பெயர் கிச்சின். குடும்பப் பெயர் ஃபுனகோஷி.

இன்று நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் விடுமுறை நாள் காலையில் வெள்ளை உடையும் வண்ண பெல்ட்டுமாக வரிசையில் நின்று குத்துவிடுகிறார்களே பிள்ளைகள், அவர்களில் பலருடைய மாஸ்டருக்கு மாஸ்டர், அவருக்கும் மாஸ்டர் என்று பின்னோக்கி நடந்துகொண்டே போனால், வந்து நிற்கும் இடம் அந்தப் பையன் விளக்கோடு நடந்த தெருதான்.

அவன் பிறந்தது 1868-இல். ஒகினாவா அப்போது ரியூக்யூ என்ற தனி அரசு. பெயருக்குத்தான் தனி அரசு. 1609-இல் ஜப்பானின் சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து வந்ததிலிருந்து கழுத்தில் அவர்கள் பிடி இருந்துகொண்டே இருந்தது. கிச்சினுக்குப் பத்து வயதானபோது, 1879-இல், அந்தப் பெயரும் போயிற்று. ஜப்பான் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடைசி மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

கிச்சின் குறைமாதப் பிள்ளை. தேறமாட்டான் என்றே பெரியவர்கள் நினைத்தார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். தாத்தா சீன சாத்திர நூல்களைச் சொல்லிக்கொடுத்தார். மருந்தும் கஷாயமுமாக ஓடிய பிள்ளைப் பிராயத்தில், பள்ளியில் கூடப் படித்த ஒரு நண்பன் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். நண்பனின் அப்பா பெயர் அசாதோ அன்கோ. பிரபு குலத்தவர். குதிரையேற்றம், வாள், வில் எல்லாவற்றிலும் தேர்ந்தவர். அவரிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஆயுதமில்லாமல் கையாலும் காலாலும் செய்யும் சண்டை. ஊரில் அதைச் சும்மா ‘கை’ என்பார்கள். சீனத்து வாடை அடிக்கும்போது ‘சீனக் கை’.

போதிதர்மர் இங்கே எங்கே வருகிறார் என்று தமிழ் வாசகர்கள் கேட்பீர்கள். காஞ்சியிலிருந்து போன துறவி சீனத்து ஷாவ்லின் மடத்தில் விதைத்ததுதான் இது என்ற கதையை ஃபுனகோஷியே பிற்காலத்தில் தன் நூலில் எழுதினார். நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை. கையில் இருக்கும் சான்றுகள் காட்டுவது, தீவின் சொந்தச் சண்டை முறையும், கப்பல் வழியே சீனத்து ஃபூஜியனிலிருந்து வந்த முறைகளும் கலந்து வளர்ந்த வித்தையை மட்டுமே. அதுவே போதுமான அதிசயம் என்று நினைக்கிறேன்.

அந்த வித்தையை வெளியே சொல்லக்கூடாது. வீட்டுக்குள், நம்பிக்கையான ஓரிருவருக்கு, ராத்திரியில். அதுதான் மரபு. அதனால்தான் அந்தக் கைவிளக்கு.

அசாதோ வீட்டுப் பின்முற்றம். திண்ணையில் மங்கிய விளக்கருகே ஆசான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கீழே மண் தரையில் பையன். இன்று கராத்தே எனப்படும் அந்த வித்தையில் ‘கட்டா’ என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத எதிராளிகளோடு போடும் வரிசைப்படுத்திய அடிவைப்பு. சிலம்பத்துச் சுவடுகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பையன் ஒரு கட்டா செய்வான். மறுபடி, என்பார் ஆசான். மறுபடி. இன்னும் ஒருமுறை. வாரங்கள், மாதங்கள், அதே கட்டா. அடுத்ததைச் சொல்லித்தரச் சொல்லி அவனால் கேட்கவும் முடியாது. அவமானத்தில் அழுகை முட்டும். பாராட்டு என்று வந்தால் ஒற்றைச் சொல்தான்.

அசாதோவின் நண்பர் இதோசு அன்கோவும் அவனுக்கு ஆசானானார். பீப்பாய் போன்ற மார்பு. தடித்த மூங்கிலைக் கைப்பிடியிலேயே நசுக்குவார் என்று பேர். இரண்டு ஆசான்களும் இரண்டு கட்சி. எதிராளியின் கையையும் காலையும் வாளாக நினைத்துக்கொள், மேலே படவிடாதே என்பார் அசாதோ. அடி விழுந்தால் தாங்கும்படி உடம்பை வளர்த்துக்கொள் என்பார் இதோசு. இதோசுவிடம் மூன்றே மூன்று கட்டாக்களைக் கற்க அவனுக்குப் பத்து வருடம் ஆனது. இன்று ஆறு மாதத்துக்கு ஒரு பெல்ட் கேட்கும் பெற்றோரிடம் இந்த ஒரு வரியை மட்டும் யாராவது படித்துக்காட்ட வேண்டும்.

படிப்பிலும் பையன் கெட்டி. டோக்கியோ மருத்துவப் பள்ளியின் தேர்வெழுத வயது பொருந்தவில்லை என்று, பிறந்த ஆண்டை 1870 எனப் பதிவேட்டில் மாற்றிக்கொண்டு எழுதினான். தேர்ச்சியும் பெற்றான். ஆனால் சேர முடியவில்லை. காரணம், தலையில் இருந்த குடுமி. குடுமி வைத்தவர்களைச் சேர்க்கமாட்டோம் என்றது புதிய அரசு. குடுமியை எடுக்கக்கூடாது என்றது வீடு. வீடு ஜெயித்தது.

1888-இல் அவனுக்கு ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே நிபந்தனை. இந்த முறை அவன் யாரிடமும் கேட்கவில்லை. குடுமியை வெட்டிக்கொண்டு, பித்தளைப் பொத்தான் வைத்த ஆசிரியர் சீருடையில் பெற்றோரின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

அப்பா தலை நிமிர்ந்து பார்த்தார்.

(தொடரும்)

வாரம் 2: கூரைமேல் ஒருவர்

அப்பா கத்தினார். சாமுராய் வீட்டுப் பிள்ளை செய்யும் காரியமா இது என்று. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், பின்வாசல் வழியாக வெளியேறித் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு குடுமிக்காகவா என்று நமக்குத் தோன்றும். ஒகினாவாவில் குடுமியைத் தாங்கிய ஊசி தங்கமா, வெள்ளியா, பித்தளையா என்பதில் ஒருவர் பரம்பரையே தெரியும். அரசு போயிற்று, மன்னர் போனார். மிச்சம் இருந்தது தலைமேல் அந்த முடிச்சு ஒன்றுதான். அதை வெட்டியது சொந்த மகன். அந்தத் தாயின் பக்கம் நின்று பார்த்தால் அவர் பின்வாசலைத் தேடியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பையன் வாத்தியார் ஆகிவிட்டார். இனி ‘அவர்’ என்றே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிலில்தான் இருந்தார்.

தொடக்கச் சம்பளம் மாதம் மூன்று யென். பெரிய குடும்பம். பதவி உயர்வோடு வெளித்தீவுகளுக்கு மாற்றல் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றார். ஷூரியை விட்டுப் போனால் ஆசான்களை விட்டுப் போகவேண்டும். இந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர் அவர் மனைவி. காய்கறித் தோட்டத்தில் உழைத்தார், ராத்திரி கண்விழித்துத் தறியில் நெய்தார். இவரிடம் வேறு வேலை தேடச் சொல்லவில்லை. பயிற்சியை விடாதீர்கள் என்றுதான் சொன்னார். பார்த்துப் பார்த்தே அவருக்கும் கட்டா மனப்பாடம். களைப்பாக இருக்கும் நாட்களில் உடம்பை முறுக்கேற்றிக்கொள்ளத் தானே செய்து பார்ப்பாராம். ஒருநாள் ஃபுனகோஷி வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். குடித்துவிட்டுச் சண்டை போட்ட ஆட்களுக்கு நடுவே நின்று பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தார் மனைவி. பயிற்சி முற்றத்தில் நின்றவர் கணவர். அந்த முற்றத்தைத் தாங்கி நின்றவர் இவர். இந்தத் தொடர் முடியும்வரை இவரை மறந்துவிடாதீர்கள்.

ஒகினாவாவின் புயல்கள் பேர்போனவை. அப்படி ஒரு புயல் நாள். ஃபுனகோஷி வீட்டுக் கூரைமேல் ஓர் ஆள். இடுப்பில் ஒரு துணி மட்டும். இரண்டு கையாலும் கோரைப்பாய் மெத்தை ஒன்றைத் தூக்கிக் காற்றுக்கு எதிரே பிடித்திருக்கிறான். கால்களை அகட்டி, முழங்கால் மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிறான். உடம்பெல்லாம் சேறு. காற்று மெத்தையில் மோதுகிறது. ஆள் அசையவில்லை. நம் குருமார்கள் வகுப்பில் ‘குதிரை நிலை’ என்று நிற்க வைக்கிறார்களே, அதை அவர் புயலிடம் பரீட்சை வைத்துப் பார்த்திருக்கிறார்.

உடம்பு தயார். மனசு?

ஒரு மாலைப்பொழுது. ஷூரிக்கும் நாஹாவுக்கும் நடுவே பைன் மரங்கள் அடர்ந்த சாலை. ஃபுனகோஷி தனியாக நடந்து வருகிறார். கையில் சிறு பொட்டலம்; முன்னோர் படையலுக்காக வாங்கிய இனிப்புப் பலகாரம். மரங்களின் இருட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து வழியை மறித்தார்கள். கையில் இருப்பதைக் கொடு என்றான் ஒருவன். மற்றவன் அடிக்கத் தயாராக நின்றான்.

யாரைத் தடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஒரு கண்ணிமைப்பில் இரண்டு பேரையும் தரையில் கிடத்த முடியும்.

கைகள் மெல்ல உயர்ந்தன.

(தொடரும்)

வாரம் 3: விளக்குமாறு

உயர்ந்த கைகளில் பொட்டலம் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிட்டார். திருடர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்து இரண்டு ஆசான்களிடமும் இதைச் சொன்னார். இதோசு பாராட்டினார். அசாதோ மட்டும் ஒரு கேள்வி கேட்டார். பலகாரம் போய்விட்டதே, படையலுக்கு என்ன செய்தாய்? ஒன்றும் இல்லை, மனதாரக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்றார் சீடர். அசாதோ முகம் மலர்ந்தது. ஒற்றைச் சொல்லுக்கு மேல் பாராட்டாத மனிதர், இதுதான் கராத்தே, இப்போது உனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்றார்.

இந்தப் பாடத்தின் இன்னொரு பாதி வேறொரு இரவில் வரப்போகிறது, கிட்டத்தட்ட அறுபது வருடம் தள்ளி.

1906-இல் அசாதோ காலமானார். அதற்குள் காலம் மாறியிருந்தது. ராத்திரி வித்தை பகல் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியாக இதைச் சொல்லித்தரலாம் என்று வாதாடியவர் இதோசுதான். பிள்ளைகள் எளிதாகக் கற்க ‘பினான்’ என்ற ஐந்து கட்டாக்களை வடிவமைத்தார். 1908-இல் இந்தக் கலையின் பயனைப் பத்து அம்சங்களாக எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். 1915-இல் அவரும் போனார். ஆசான்கள் இல்லாத முற்றத்தில் ஃபுனகோஷி தனியாக நின்றார். ஒகினாவாவில் அவரைவிடப் பலசாலிகள் இருந்தார்கள். ஆனால் நிறையப் பேரை ஒன்றாக நிறுத்தி, சபையில் எடுத்துப் பேசி, எழுதவும் தெரிந்த வாத்தியார் வேறு யார்?

1921 மார்ச் 6. ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும் வழியில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோ ஒகினாவாவில் இறங்கினார். ஷூரிக் கோட்டை மண்டபத்தில் அவர் முன்னே கராத்தே செய்துகாட்டிய குழுவுக்குத் தலைமை ஃபுனகோஷி. மறு வருடமே டோக்கியோவிலிருந்து அழைப்பு வந்தது. கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் நடக்கும் விளையாட்டுக் கண்காட்சியில் தீவின் கலையை அறிமுகப்படுத்த வேண்டும்.

மனைவி மக்களை விட்டுவிட்டு 1922 வசந்தத்தில் கிளம்பினார். வயது 53. காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

கண்காட்சி முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில் கானோ ஜிகோரோ ஆள் அனுப்பினார். ஜூடோவை உருவாக்கியவர், ஜப்பானிய விளையாட்டு உலகில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தன் கோடோகான் கூடத்துக்கு வந்து செய்துகாட்டச் சொன்னார். நாலைந்து பேர் இருப்பார்கள் என்று போன ஃபுனகோஷிக்குத் திகைப்பு. நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஒகினாவா இளைஞர் கிமா ஷின்கின் துணைக்கு நிற்க, கட்டாக்களைச் செய்துகாட்டினார். எல்லாக் கட்டாவையும் கற்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார் கானோ. ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார் இவர். அப்படியானால் சிலவற்றையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் கானோ, தன்னைவிட எட்டு வயது சிறியவரிடம், மாணவனைப் போல.

பயணம் தள்ளிப்போனது. பிறகு ஓவியர் கொசுகி ஹோவன் வந்தார், எனக்கும் என் நண்பர்களுக்கும் கற்றுத்தாருங்கள் என்று. மறுபடியும் தள்ளிப்போனது. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊருக்குத் திரும்பப் போவதில்லை. ஆசான்கள் பூட்டி வைத்த வித்தையைத் திறந்துவிட வேண்டிய இடம் இதுதான்.

முடிவு பெரிது, பை காலி. ஒகினாவா மாணவர்கள் தங்கிய மெய்செய் ஜுகு என்ற விடுதியில் நுழைவாயில் பக்கம் ஒரு சின்ன அறை கிடைத்தது. பதிலுக்குப் பகலில் தோட்ட வேலை, கூட்டிப் பெருக்குதல், ராத்திரி வாட்ச்மேன் வேலை. மாணவர்கள் இல்லாத நேரத்தில் கூடத்தில் கராத்தே வகுப்பு. கைச்செலவுக்கு இல்லாமல் ஒருமுறை பழைய தொப்பியையும் ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறிக் கிமோனோவையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். பொருளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே பணம் தந்தார் கடை ஊழியர். அவருடைய தம்பி இவரிடம் கராத்தே கற்றுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷியைப் பார்க்கவேண்டும் என்கிறார். சற்றுப் பொறுங்கள் என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போகிறார். நல்ல கிமோனோவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். வணக்கம், நான்தான் ஃபுனகோஷி. வந்தவரின் முகம் போன போக்கை அவர் கடைசிவரை மறக்கவில்லை. முப்பது வருடம் வாத்தியாராக இருந்து ஊரே வணங்கிய மனிதர், ஐம்பத்து மூன்று வயதில் விளக்குமாறு பிடித்ததைக் கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

1922 இறுதிக்குள் முதல் நூல் வெளிவந்துவிட்டது. மாணவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். வேர் பிடித்துவிட்டது என்று அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்.

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. முற்பகல் மணி 11.58. டோக்கியோவில் வீட்டுக்கு வீடு மதியச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

(தொடரும்)

வாரம் 4: ஓர் எழுத்து

பூமி குலுங்கியது. கவிழ்ந்த அடுப்புகளிலிருந்து கிளம்பிய தீ, காற்றோடு சேர்ந்து நகரத்தைத் தின்றது. இறந்தவர்கள் லட்சத்துக்கு மேல். விடுதி தப்பியது. புத்தகத்தின் அச்சுத் தகடுகள் சாம்பலாயின. அவருடைய மாணவர்களிலும் சிலர் திரும்பி வரவேயில்லை.

வகுப்புக்கு வர யாரும் இல்லாத அந்த நாட்களில், ஒரு வங்கியில் நகல் எடுப்பதற்கான ஸ்டென்சில் வெட்டும் வேலைக்குப் போனார். அங்கே மரச்செருப்பில் நடந்தே போய் நடந்தே வந்தார். புத்தகத்தைத் திருத்தி 1925-இல் மறுபடி கொண்டுவந்தார். வாள்வித்தை ஆசிரியர் நகயாமா ஹகுதோ தன் கூடம் சும்மா இருக்கும் நேரத்தில் பயன்படுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். 1924 ஏப்ரலில் கிமா உள்ளிட்ட சில மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் கட்டினார். பெல்ட், படிநிலை எல்லாம் ஒகினாவாவில் இல்லாதவை. கானோவின் ஜூடோவிலிருந்து எடுத்தவை. அதே வருடம் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கல்லூரிகள்.

இந்தச் சமயத்தில்தான் அவர் ஓர் எழுத்தில் கை வைத்தார்.

தமிழில் ‘திங்கள்’ என்றால் நிலவும் உண்டு, கிழமையும் உண்டு. ஜப்பானியத்தில் ‘கரா’ என்ற ஒலிக்கு ஓர் எழுத்தைப் போட்டால் சீனத்தின் தாங் வம்சம். வேறோர் எழுத்தைப் போட்டால் வெறுமை. கராத்தே என்பதை அதுவரை பெரும்பாலும் முதல் எழுத்தால், ‘சீனக் கை’ என்றே எழுதிவந்தார்கள். ஃபுனகோஷி இரண்டாவதை எடுத்துக்கொண்டார். வெறுங்கை. அவருக்கு முன்பே 1905-இல் ஹனாஷிரோ சோமோ என்ற ஒகினாவா ஆசான் அப்படி எழுதியிருந்தார். ஆனால் அதை நாடறியச் செய்தவர் இவர்தான்.

சீனத்தோடு ஜப்பான் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. சீனப் பெயரோடு ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் காலூன்றுவது கடினம். அரசியல் கணக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் நான் நம்புகிறேன். ஆயுதம் இல்லாத கை என்பது மேல் அர்த்தம். பௌத்தம் பேசும் சூன்யம் உள் அர்த்தம். தாத்தாவிடம் சாத்திரம் படித்த பிள்ளைக்கு அந்த எழுத்து வெறும் உத்தியாக மட்டும் இருந்திருக்காது. கட்டாக்களின் பெயர்களையும் மாற்றினார். பினான் ‘ஹெய்யன்’ ஆனது. இன்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் பெயர் அதுதான்.

ஒகினாவாவில் கொதிப்பு. மூத்தோர் வைத்த பெயரை மாற்ற இவர் யார்? கண்டனம் வந்தபடி இருந்தது. குடுமியை வெட்டியபோது எழுந்த அதே குரல். அவர் பதிலுக்குக் கத்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. 1936 அக்டோபரில் நாஹாவில் ஒகினாவா ஆசான்கள் கூடிப் பேசியபோது, அவர்களும் ‘வெறுங்கை’ எழுத்தையே ஏற்றார்கள்.

வருத்தங்கள் வேறு பக்கத்திலிருந்தும் வந்தன. இளைஞர்கள் கட்டாவோடு நிற்க விரும்பவில்லை. மோதிப்பார்க்கத் துடித்தார்கள். கவசம் கட்டிக்கொண்டு அடித்துப் பார்த்தார்கள். போட்டியாக்கினால் இது கராத்தே இல்லை என்றார் ஃபுனகோஷி. கேட்டவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் தனிப்பாதை பிடித்தார்கள்.

1930-களின் கடைசியில் மாணவர்கள் நாடெங்கும் பணம் திரட்டி அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். வாசலில் அவர்கள் மாட்டிய பலகையில் ‘ஷோட்டோகான்’ என்று எழுதியிருந்தது. கான் என்றால் கூடம். ஷோட்டோ என்பது கவிதை எழுதும்போது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மர அலை என்று பொருள். ஷூரிக்கு அருகே ‘புலிவால்’ என்று பெயருள்ள குன்றில், பயிற்சி முடிந்த களைப்போடு நடக்கும்போது காற்றில் மரங்கள் எழுப்பும் ஓசையைக் கேட்டு வைத்துக்கொண்ட பெயர். எழுபது வயதில் சொந்தக் கூடத்தின் வாசலில் ஊர்க் காற்றின் பெயரைப் படித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஊரில்தான் மனைவி இருந்தார். டோக்கியோவுக்கு வந்துவிடு என்று எழுதியதற்கு அவர் மறுத்துவிட்டார். முன்னோருக்குச் செய்யவேண்டியதை யார் செய்வது? அப்படியே இருபது வருடம் தாண்டிவிட்டது.

பிறகு போர். கறுப்பு பெல்ட் கட்டிய பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக விடைபெற்றுப் போனார்கள். பலர் திரும்பவில்லை. 1945-இல் குண்டு மழையில் ஷோட்டோகான் எரிந்தது. அவருக்குப் பின் கூடத்தைத் தாங்குவார் என்று நம்பிய மகன் கிகோ, பிள்ளைப் பிராயத்திலிருந்தே உடம்பில் இருந்த காசநோய்க்கு அதே வருடம் பலியானார்.

ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கப் படைகள் ஒகினாவாவில் இறங்கின. இளவரசர் முன்னே அவர் நின்ற ஷூரிக் கோட்டையின் அடியில் ஜப்பானிய ராணுவத் தலைமையகம் சுரங்கம் தோண்டி இருந்தது. கோட்டை மண்ணோடு மண்ணானது. தீவில் செத்த பொதுமக்களை எண்ணி முடிக்க முடியவில்லை.

எழுபத்தாறு வயதுக் கிழவர், அந்தத் தீவில் விட்டுவந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தார்.

(தொடரும்)

வாரம் 5: அந்த இரவு

மனைவி உயிரோடு இருந்தார். ஒகினாவாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களோடு க்யூஷூ தீவின் ஓய்த்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஃபுனகோஷி டோக்கியோவை விட்டு அங்கே போனார்.

இருபது வருடத்துக்கு மேல் தனித்தனியாக வாழ்ந்த இரண்டு கிழங்கள், எல்லாம் இழந்த ஒரு நாட்டின் மூலையில் மறுபடி ஒரு குடித்தனம் போட்டார்கள். அரிசி இல்லை. கொஞ்சம் காய்கறி போட்டார்கள், கடற்கரையில் பாசி பொறுக்கினார்கள். புயலில் நின்றவரையும் இளவரசர் முன் நின்றவரையும்விட, கடற்பாசி பொறுக்கும் இந்த மனிதரிடம்தான் என் மனம் நிற்கிறது. அந்தக் குடித்தனமும் நீடிக்கவில்லை. 1947 இலையுதிர் காலத்தில் மனைவி இறந்துபோனார்.

அஸ்தியை எடுத்துக்கொண்டு டோக்கியோவுக்கு ரயிலேறினார். எப்படியோ செய்தி பரவியிருந்தது. வழியில் ரயில் நின்ற நிலையங்களில் பழைய மாணவர்கள் வந்து காத்திருந்தார்கள். போரில் மிஞ்சியவர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று குனிந்து வணங்கினார்கள். மாஸ்டருக்கு மட்டுமல்ல, அவர் மடியில் இருந்தவருக்கும்.

டோக்கியோவில் மறுபடி வகுப்புகள் தொடங்கின. 1949-இல் மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தார்கள். அவரைக் கௌரவத் தலைமை ஆசிரியர் ஆக்கினார்கள். வயது எண்பது.

இனி அந்த இரவு.

போருக்குப் பிந்தைய டோக்கியோவின் தெருக்கள் பாதுகாப்பானவை அல்ல. நண்பர்களோடு பாட்டுக் கூட்டம் முடிந்து ஒருநாள் தாமதமாகத் தனியாக வந்துகொண்டிருந்தார். கையில் குடையும், காலியான சோற்றுப் பெட்டி வைத்த மூட்டையும். இருட்டில் ஓர் இளைஞன் வழிமறித்தான். மூட்டையில் என்ன என்று கேட்டான். சிகரெட் கேட்டான். பழக்கமில்லை என்றார். வம்பு வளர்ந்தது. குடையைப் பிடுங்கிக்கொண்டு அவர் தலையைக் குறிவைத்து ஓங்கினான்.

கிழவர் குனிந்தார். அடி காற்றில் போயிற்று. அதே நொடியில் அவர் கை போய் அவன் உயிர்நிலையைப் பற்றியது. கற்றுக்கொண்ட கை, அது யோசிக்கவில்லை. இளைஞன் வலியில் அலறி அப்படியே நின்றான். அந்தப் பக்கம் வந்த காவலரிடம் அவனை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

எண்பது வயதில் ஒரு முரடனை மடக்கியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கலாம். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பையன் போரிலிருந்து திரும்பி வந்தவனாக இருக்கும். வேலை இல்லாமல், பசியில், ஏதோ வேகத்தில் செய்திருப்பான் என்று நினைத்தார். கராத்தே கற்றவன் முதலில் கை நீட்டக்கூடாது என்று ஊரெல்லாம் சொன்ன நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று வருந்தினார். அந்தப் பையன் முதலில் ஓங்கினான் என்று நாம் அவருக்காக வாதாடலாம். அவர் வாதாடவில்லை. அன்று பைன் மரச் சாலையில் அவர் கையில் கொடுப்பதற்குப் பலகாரம் இருந்தது. இந்த இரவில் காலிப் பெட்டி.

தொண்ணூறை நெருங்கும்போது தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தார். அந்த இரவில் அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். அவர், பெயர் தெரியாத இளைஞன், காவலர். விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் விடவில்லை; தன் வெட்கத்தையும் சேர்த்தே எழுதினார்.

1957 ஏப்ரல் 26-இல் காலமானார், 88-ஆவது வயதில். காமாகுராவின் எங்காகுஜி கோயில் வளாகத்தில் 1968-இல் அவருக்கு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். முதலில் கை நீட்டாதே என்ற அவருடைய அந்த ஒரு விதியைத்தான் அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

(முற்றும்)